போவதற்கு ஓர் ஊர்
மாதிரி றெயில்பாதைகளில் நிலக்காட்சியும் கலையும்

1973ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, கலிபோர்னியாவின் மொன்டரே நகரில் ஜோன் அலன் என்பவர் மாரடைப்பால் காலமானார். பத்து நாட்கள் கழிந்து, அவருடைய வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் மூண்ட தீயில், அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய ஒரு நாட்டின் பெரும்பகுதி எரிந்துபோனது. நாடு என்று சொல்வது மிகையல்ல. அங்கே தரையிலிருந்து கிளம்பிக் கூரையை எட்டும் மலைகள் இருந்தன. பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலங்கள் இருந்தன. ஊர்கள் இருந்தன, ஒரு துறைமுகமும் இருந்தது. இவற்றையெல்லாம் இணைத்து ஒரு றெயில்பாதை ஓடியது. அந்நாட்டில் வளர்ந்த மனிதனொருவனின் உயரம் இரண்டு சென்ரிமீற்றர்.

எரிந்தது விளையாட்டுச் சாமானா, கலைப்படைப்பா என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். மாதிரி றெயில் என்றதும் பெருநாள் காசில் வாங்கிய, சாவி முறுக்கினால் ஓடும் கோச்சிதான் நம்மிற் பலருக்கு ஞாபகம் வரும். வட்டத் தண்டவாளத்தில் அது ஓடும். நாலு சுற்றுச் சுற்றியதும் பிள்ளைக்கு அலுத்துவிடும். அந்த அலுப்புக்குக் கோச்சி காரணமல்ல. அதற்குப் போவதற்கு ஓர் ஊர் இல்லை என்பதே காரணம். மாதிரி றெயில்பாதையை ஒரு கலையாக வளர்த்தவர்கள் செய்ததெல்லாம் அந்த ஊரைத் தேடிக் கொடுத்ததுதான். அந்த ஊரை எப்படிக் கட்டுவது, யாருடைய கண்ணால் பார்த்துக் கட்டுவது என்பதில் அவர்கள் வேறுபட்டார்கள். அந்த வேறுபாடு, ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் நம்மோடும் பேசக்கூடியது. இவ்வமைப்புகளை நான் நிழற்படங்களிலும் விவரணப்படங்களிலும் கண்டவனே அன்றி நேரிற் கண்டவனல்லன். அலனின் நாட்டை அறிந்தவர்களில் மிகப் பெரும்பாலோரும் சஞ்சிகைப் படங்கள் வழியாகவே அதை அறிந்தார்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. உலகில் மிகப் பரவலாக வழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படுவது. அது உண்மையின் 87இல் ஒரு பங்கு. இவ்வளவில் ஒரு கிலோமீற்றர் நீளமான பாதைக்குப் பதினொன்றரை மீற்றர் இடம் வேண்டும். நூறு கிலோமீற்றர் பாதையொன்றைச் சுருக்காமல் செய்வதென்றால் ஒரு கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில் மண்டபம் கட்டவேண்டும். ஆகவே எதை விடுவது, எதை வைப்பது என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிடுகிறது. தெரிவு என்பது இங்கு கலைஞனின் விருப்பமல்ல. அவன் மீது விழுந்த கடமை.

மற்றொரு சங்கடமும் உண்டு. அறை சிறியது, றெயிலோ திரும்பி வந்தே ஆகவேண்டும். பெரும்பாலான மாதிரிப் பாதைகள் எவ்வளவு சிக்கலாக வளைந்தாலும் அடிப்படையில் வட்டங்கள்தாம். வட்டத்தைப் பயணமாக மாற்றும் பொறுப்பு நிலக்காட்சியைச் சேர்கிறது. ஒரு குன்றுக்குப் பின்னால் றெயில் மறைகிறது. மறைந்த இடத்தில் நம் மனம் ஐம்பது மைலைச் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வளைவில் அது வெளிப்படும்போது மண்ணின் நிறம் மாறியிருக்கிறது, மரங்களின் இனம் மாறியிருக்கிறது; ஆகவே வேறோர் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நம்புகிறோம். நல்ல அமைப்புகளில் ஒரு றெயில் ஒரு காட்சியினூடாக ஒரே தடவைதான் கடந்துபோகும். அதே களத்தில் இரண்டாம் தடவை தலைகாட்டினால் மாயம் கலைந்துவிடும்.

இதற்குத் துணை நிற்கும் கைநுட்பங்கள் பல. பின்புறத்து மரங்களை முன்புறத்து மரங்களைவிடச் சிறியவையாகச் செய்வார்கள். தூரத்து மலைகளுக்கு வெளிறிய நீலம் பூசுவார்கள். அறையின் மூலைகளை வளைத்து, வானத்தில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்வார்கள். உண்மை எஞ்சினின் அதே கறுப்பைச் சிறிய எஞ்சினுக்குப் பூசினால் அது மிகையாகக் கறுத்துத் தெரியும். ஆகவே நிறத்தையும் சற்று வெளிறச் செய்யவேண்டும். மெல்லிய செயற்கை இழைகளுக்கு நிலைமின்னேற்றம் கொடுத்துப் பசை மீது தூவினால், அவை புல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும். இவையெல்லாம் தொழில்நுட்பங்கள், கற்றுக்கொள்ளலாம். யாப்புக் கற்றவரெல்லாம் கவிஞராகிவிடுவதில்லை என்பது போல, புல் நடத் தெரிந்தவரெல்லாம் நிலம் சமைத்தவராகிவிடுவதில்லை.

இத்துறையில் முதன்முதலாக இதைக் கலையென்று வாதிட்டு எழுதியவர்களுள் முக்கியமானவர் நியூ ஓர்லியன்ஸ் நகரின் பிராங்க் எலிசன். 1934இல் தொடங்கிய மொடல் ரெயில்ரோடர் என்ற அமெரிக்கச் சஞ்சிகையில், 1944இல் அவர் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். மாதிரி றெயில்பாதையை அவர் நாடகத்தோடு ஒப்பிட்டார். நிலக்காட்சி மேடை, றெயில்கள் நடிகர்கள், நேர அட்டவணையே கதை. பொம்மையைப் பொருளாகப் பார்த்த கண்ணை நிகழ்வாகப் பார்க்கத் திருப்பியதால் இது அன்றைக்குப் பெரிய பாய்ச்சல். ஆயினும் இவ்வொப்பீட்டில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மேடை நடிகனுக்காகக் காத்திருக்கும். நாடகம் முடிந்ததும் கழற்றி அடுக்கப்படும். நிலம் அப்படியல்ல. றெயில் வருமுன்னும் அங்கே யாரோ வாழ்ந்தார்கள். றெயில் போன பின்னும் வாழ்கிறார்கள்.

இந்த இடத்தில் நமது பழைய திணைக் கோட்பாடு கூடுதலாகக் கைகொடுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை, தொழில், பறை முதலியன கருப்பொருள் என்றும், அங்கு வாழ்வோரின் அக ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. மூன்றிலும் உரிப்பொருளே உயிர். குறிஞ்சி வெறும் மலையாக நின்றுவிடுவதில்லை. கூடல் நிகழும் மலை அது. இந்த அளவுகோலை மாதிரி றெயில்பாதைகள் மீது வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரும்பாலானவற்றில் முதற்பொருள் உண்டு, கருப்பொருள் ஏராளமாக உண்டு. மலை உண்டு, மரம் உண்டு, தேவாலயம் உண்டு, பால் வண்டி உண்டு. உரிப்பொருள்தான் இல்லை. எல்லாம் அழகாக இருக்கின்றன. எதற்காக இருக்கின்றன என்று தெரியவில்லை.

இக்கலைக்கு இதில் ஒரு விசேடமான இடர்ப்பாடு உண்டு. இரண்டு சென்ரிமீற்றர் உயர மனிதனுக்கு முகமில்லை. கண், மூக்கு வரையலாம், பாவம் வராது. 1936இல் கலிபோர்னியாவில் டொரோதியா லாங் எடுத்த புலம்பெயர் தாயின் நிழற்படம் அந்தப் பெண்ணின் முகத்தையும் கன்னத்தில் ஊன்றிய கையையும் கொண்டு ஒரு காலத்தின் வறுமையைச் சொல்லிவிடுகிறது. மாதிரிக் கலைஞனுக்கு அந்த வசதி கிடையாது. மேலும் அவனுடைய றெயில் அசையும். மனிதர்களோ தூக்கிய கையைத் தூக்கியபடியே ஆண்டுக்கணக்கில் நிற்பார்கள். ஆகவே அவன் மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புவதை நிலத்தைக் கொண்டே சொல்லவேண்டியிருக்கிறது. வேலியோரம் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை, திறந்து கிடக்கும் படலை, கொடியில் காயும் ஒற்றைச் சட்டை, இரவில் ஒரு யன்னலில் மட்டும் எரியும் விளக்கு என்பவைதாம் அவனுடைய சொற்கள். உருவம் சமைத்தல் பற்றி நம்மிடையே உள்ள மார்க்க விவாதம் வேறு. அதற்குள் நான் போகவில்லை. முகத்தைக் காட்டாமல் மனிதரின் இருப்பை உணர்த்தும் வித்தை நமது கலை மரபுக்கு அந்நியமானதல்ல என்பதை மட்டும் இங்கு நினைவுபடுத்தலாம்.

இனி மூன்று படைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது அலனுடையது.

1913இல் பிறந்த அலன் தொழிலால் நிழற்படக் கலைஞர். 1946இல் லொஸ் ஏஞ்சல்சை விட்டு மொன்டரேக்கு வந்தார். தன்னுடைய கற்பனை றெயில் நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் வாயால் சொல்லும்போது 'இரத்தக்களரியாகித் தோற்றுப்போனது' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சிலேடை. தாம் செய்வதைத் தாமே பகடி செய்யத் தெரிந்த மனிதர். அவருடைய பாதையில் எஞ்சின் செய்யவேண்டிய பெட்டி தள்ளும் வேலையை எம்மா என்ற டைனோசர் ஒன்று செய்தது. முதலில் செய்த சின்னஞ்சிறு அமைப்பைப் பின்னர் கட்டிய பேரமைப்பினுள் அப்படியே ஓர் அங்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

அலனுக்கு முன்பு மாதிரி றெயில்பாதை பெரும்பாலும் மேசைமீது கிடந்தது. பார்வையாளன் மேலிருந்து, வானத்தில் நிற்பவன் போலக் கீழே பார்த்தான். அலன் அந்தப் பார்வைக் கோணத்தைக் குலைத்தார். மலையைத் தரையிலிருந்தே எழுப்பியதனால் பார்வையாளன் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டியதாயிற்று. றெயில் மேலே, எட்டாத உயரத்தில், ஒரு பாறை விளிம்பில் ஊர்ந்தது. கண்ணாடிகளைப் பொருத்திச் சிறிய இடத்தைப் பெரிதாக்கினார். எல்லாவற்றிலும் முக்கியமாக, புத்தம்புதிதாக மினுங்கிய பொருட்களுக்கு வயதைக் கொடுத்தார். பெட்டிகளில் துரு, கூரைகளில் புகைக்கரி, பலகைகளில் வெயில் தின்ற நரைப்பு. காலம் என்ற முதற்பொருளை இக்கலைக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி.

இது கற்பனாவாதக் கலை என்பதில் ஐயமில்லை. அப்படியொரு மலை எங்குமில்லை. அவ்வளவு செங்குத்தில் எந்த நிறுவனமும் பாதை போட்டிருக்காது. ஆனால் அக்கற்பனைக்கு உள்ளே ஒரு நேர்மை இருந்தது. அலன் நேர அட்டவணைப்படி றெயில்களை ஓட்டினார். நண்பர்கள் கூடி, ஊருக்கு ஊர் சரக்குப் பெட்டிகளை விட்டும் எடுத்தும் உண்மைத் தொழிலாளிகளைப் போல வேலை செய்தார்கள். பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சேர்க்கும் சிக்கலையே ஒரு தனிப் புதிர் விளையாட்டாக 1972இல் அவர் வெளியிட்டார். அவருடைய மலை அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. ஏறுவதற்குக் கடினமாக இருக்கவேண்டும் என்பதற்காக நின்றது. அந்தக் கடினமே அவருடைய உரிப்பொருள்.

இரண்டாவது படைப்பு இங்கிலாந்தில், ஒக்ஸ்போட்ஷயரின் லோங் விற்றன்ஹம் கிராமத்தில் உள்ள பென்டன் நூதனசாலை. அதை நிறுவிய ரோய் இங்லண்ட் 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த இளைஞர். கிரேட் வெஸ்ரேர்ன் றெயில்களில் மயங்கியவர், அவை ஊடறுத்துச் சென்ற வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் அதைவிட மயங்கினார். அக்கிராமங்கள் அவர் கண்முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தன. வைக்கோல் கூரைகளின் இடத்துக்குத் தொழிற்சாலைக் கூரைகள் வந்தன. அழிவதற்கு முன் அனைத்தையும் பதிந்துவிட வேண்டுமென்று அவர் தீர்மானித்தார். வீடு வீடாகச் சென்று அளந்தார், படமெடுத்தார். பின்னர் 76இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் வெட்டி, நீர்வர்ணம் தீட்டி, ஒவ்வொரு வீட்டையும் மறுபடி கட்டத் தொடங்கினார். 1954இல் நூதனசாலை தோன்றியது. அவர் 1995இல் மறைந்தார். தொண்டர்கள் தலைமுறை தலைமுறையாக அப்பணியைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் காலம் 1920களும் 1930களும். அந்த றெயில் நிறுவனமோ 1948இல் அரசுடைமையாகிப் பெயரிழந்துபோனது.

இங்கு றெயில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. கிராமத்தின் அப்பால் ஓர் ஓரத்தில் அது ஓடுகிறது. கிராமம் தன்பாட்டில் இருக்கிறது. எலிசனின் மேடை இங்கு நடிகரை மிஞ்சி நிற்கிறது. பதிவின் துல்லியத்தில் இதற்கு இணையாக எதையும் சொல்ல முடியவில்லை. ஆயினும் சுவையான ஒரு முரண் உண்டு. பென்டன் பார்வா எனப்படும் அக்கிராமம் எங்குமே இருந்ததில்லை. வீடுகள் ஒவ்வொன்றும் உண்மை. பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஊர்களில் நின்றவை அவை. அவற்றை ஒன்றுசேர்த்த ஊர் புனைவு. நாவலாசிரியன் செய்வதும் ஏறக்குறைய இதுவே. தான் கண்ட பத்து மனிதரைப் பத்து ஊரிலிருந்து எடுத்து, இல்லாத ஓர் ஊரில் குடியேற்றுகிறான்.

பென்டன் மீது எனக்குள்ள விமர்சனம் புனைவு பற்றியதல்ல. அது எந்த இடத்தில் நின்று பார்க்கிறது என்பது பற்றியது. வைக்கோல் கூரை கழற்றப்படுவதைப் பாதையில் நின்று பார்த்தவருக்கு அது இழப்பு. அக்கூரையின் கீழ்ப் படுத்தெழும்பியவருக்கு? 1920களிலும் 1930களிலும் இங்கிலாந்தின் விவசாயம் வீழ்ச்சியுற்றிருந்தது. பண்ணைத் தொழிலாளியின் கூலி சொற்பம். பல குடும்பங்கள் பண்ணையாருக்குச் சொந்தமான வீட்டில், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்தன. ஈரம் ஊறும் சுவரையும் கிணற்றுத் தண்ணீரையும் பழமையின் எழில் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். புதிய கூரை அவர்களுக்கு ஒழுகாத கூரை. பென்டன் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை; ஆனால் வீட்டை வெளியே நின்று அளந்தது. வெளியளவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதிலிருந்து உள்ளிருப்பவரின் குளிர் தெரியவராது. நமது விமர்சனம் நெடுங்காலம் விவாதித்த இயற்பண்புவாதம், யதார்த்தவாதம் என்ற வேறுபாடு இங்கே கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் நிற்கிறது. உள்ளதை உள்ளபடி அடுக்குவது ஒன்று. உள்ளது ஏன் அப்படி உள்ளது என்று உணர்த்துவது மற்றொன்று.

மூன்றாவது படைப்பு ஜோர்ஜ் செலியோஸ் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பீபொடி நகரில் 1985இல் தொடங்கிய பிராங்ளின் அன்ட் சவுத் மன்செஸ்ரர். கட்டட மாதிரிகள் செய்யும் தொழிலில் ஏற்கெனவே பெயர் பெற்றவர் அவர். அவர் எடுத்துக்கொண்ட காலம் அமெரிக்காவின் பெருமந்தக் காலம். நெருக்கியடித்த நகரம். மாடிக்கு மாடி கறுத்த செங்கல். சுவர்களில் வெளிறிப்போன விளம்பரங்கள். சந்துகளில் குப்பை, உடைந்த பெட்டிகள், துருவேறிய தகரம். ஒரு விரற்கடை இடம்கூட வெறுமையாக விடப்படவில்லை. இப்படங்கள் சஞ்சிகைகளில் வந்தபோது ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்துத் தன் அமைப்பை மாற்றிக்கொண்டது என்றால் மிகையல்ல. பழுதையும் சிதைவையும் இவ்வளவு நுணுக்கமாகத் தீட்டிய கை வேறில்லை.

அந்தக் கையின் திறமைதான் நம்மை யோசிக்கவைக்கிறது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கிலொருவர் வேலையற்றிருந்தார். வேலை தேடிச் சரக்கு றெயில்களில் களவாக ஏறி ஊரூராக அலைந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வறுமை இங்கே சித்திரமாகிவிட்டது. துரு அழகாயிருக்கிறது, கிழிசல் அழகாயிருக்கிறது, குப்பைகூட இரசித்து வைக்கப்பட்டிருக்கிறது. கறைக்குக் காரணம் வேண்டும் என்பது இக்கலையின் நல்ல விதிகளிலொன்று. மழைநீர் வழியும் இடத்தில்தான் துரு இறங்கும். எஞ்சின் நிற்கும் இடத்தில்தான் எண்ணெய் சொட்டும். சுரங்க வாயிலின் மேல்விளிம்பில்தான் கரி படியும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சிதைவைப் பூசினால் அது காலத்தின் தடமாக இராது, ஒரு நிறமாகிவிடும். வறுமைக்கும் இது பொருந்தும். யாருடைய வேலை போனது, எந்த ஆலை மூடப்பட்டது, எந்த வீட்டில் வாடகை பாக்கி என்ற வேறுபாடுகள் அற்று, நகரமே ஒரேயடியாகப் பழுப்பேறிக் கிடந்தால் அங்கே துயரம் இல்லை. துயரத்தின் அலங்காரம் இருக்கிறது. செலியோசின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட நான் இதைச் சொல்லவில்லை. அவரைப் பின்பற்றியவர்களிடம் இக்குறை பன்மடங்காகியது என்பதாலேயே மூலத்தில் அதன் வித்தைச் சுட்டவேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பு ஒன்றின் குரலையும் கேட்கவேண்டும். நிலக்காட்சி இரண்டாம்பட்சம், றெயில் செய்யும் வேலையே முதன்மை என்று வாதிடுவோர் இத்துறையில் பலர். வெறும் ஒட்டுப்பலகை மீது பல ஆண்டுகளாக அட்டவணை தவறாமல் றெயில் ஓட்டுபவர்களும் உண்டு. நிலக்கரி வெறும் பெட்டியாய்ச் சுரங்கத்துக்குப் போய் நிறைந்த பெட்டியாய் வரவேண்டும். அரிசி ஆலைக்கு அரிசிப் பெட்டியே போகவேண்டும் என்பது அவர்கள் ஒழுக்கம். ஒகையோவின் டேய்ற்றனில் வேர்ஜினியன் அன்ட் ஒகையோ என்ற கற்பனை நிலக்கரிப் பாதையை உருவாக்கிய அலன் மக்லெலண்ட் இச்சிந்தனையை ஆழப்படுத்தினார். தன் பாதை அறையின் சுவரோடு முடிந்துவிடுவதில்லை என்று அவர் கருதினார். பார்வைக்கு மறைவான தடங்களில் றெயில்கள் காத்திருந்தன. அவை வெளியுலகத்திலிருந்து வந்து வெளியுலகத்துக்கே போயின. நிலக்காட்சியை அவர் புறக்கணிக்கவில்லை. ஒவ்வொரு மரத்தையும் ஓவியமாக்குவதைவிட, எல்லாவற்றையும் ஒரே சீரான, போதுமான தரத்தில் செய்து முடிப்பதே மேலென்று கொண்டார்.

இந்தத் தரப்பில் ஒரு பெரிய உண்மை உண்டு. றெயில் என்பது அழகுப் பொருளாகப் பிறந்ததல்ல, உழைப்பிலிருந்து பிறந்தது. உழைப்பை நீக்கிவிட்டு அதன் புகையை மட்டும் இரசிப்பது அரைகுறை. ஆனால் வெறும் பலகை மீது ஓடும் நிலக்கரிப் பெட்டிக்கும் ஒரு குறை இருக்கிறது. அந்நிலக்கரியைத் தோண்டியவன் எங்கே குடியிருக்கிறான் என்று அது சொல்வதில்லை. வேலையும் நிலமும் ஒன்றையொன்று விளக்கவேண்டும். சுரங்கத்தின் கீழே சுரங்கத் தொழிலாளரின் வீட்டு வரிசை நிற்கவேண்டும். அவற்றின் கூரை மீது அதே கரி படிந்திருக்கவேண்டும். அப்போது ஒரு பெட்டி கரி வெளியே போகும்போது, போவது எதுவென்றும் இங்கே மிஞ்சுவது எதுவென்றும் பார்ப்பவனுக்குத் தெரியும். உரிப்பொருள் அமைவது அங்கேதான்.

ஹம்பேர்க் நகரில் சகோதரர்களான பிரெடரிக் பிரவுண், கெரிற் பிரவுண் ஆகியோர் 2001இல் திறந்த மினியாற்றுவர் வுண்டர்லண்ட் இக்கலையை மாபெரும் மக்கள் காட்சியாக்கியது. பதினைந்து நிமிடத்துக்கொரு முறை அங்கே பகல் போய் இரவு வருகிறது. 2011இல் விமானம் எழும்பி இறங்கும் விமானநிலையம் ஒன்றும் சேர்ந்தது. அதன் பிரமாண்டத்தைவிட என்னைக் கவர்ந்தது அந்தச் செயற்கை அந்திதான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்போது, பகலில் வெறும் கட்டடமாய் நின்றவை வீடுகளாகிவிடுகின்றன. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு வருகிறது. முகமில்லாத மனிதர்களுக்கு இரவு முகம் கொடுக்கிறது. கோடிக்கணக்கான செலவில் கிடைத்த இந்த உணர்வை, ஓர் அடி நீளப் பலகையில் ஒரு சின்ன மின்குமிழை வைத்தும் ஒரு கலைஞன் உண்டாக்கிவிடலாம் என்பதே இக்கலையின் ஜனநாயகம்.

நமது எழுத்துக்கு இதில் என்ன இருக்கிறது? கடந்த சில தசாப்தங்களில் நமது முஸ்லிம் படைப்பாளிகளின் கதைகளிலும் கவிதைகளிலும் ஊர் நிறைய வந்திருக்கிறது. கிடுகு வீடு, முற்றத்து மணல், வட்டை, தோணி, பள்ளிவாசல் ஹவுள், வட்டிலப்பம் என்று கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மண்வாசனை என்று நாம் பாராட்டிய பலவும் பென்டனைப் போல வெளியளவைகள்தாம். கிடுகு வீட்டின் குளிர்மையை எழுதியவர்கள் பலர். மாரி மழையில் அது ஒழுகிய இடமெல்லாம் சட்டி வைத்து, விடியும்வரை பிள்ளைகளை இடம் மாற்றிக் கிடத்திய உம்மாவின் இரவை எழுதியவர்கள் சிலர். சுனாமிக்குப் பின் வந்த சீமெந்து வீட்டைப் பண்பாட்டு இழப்பாக மட்டும் பார்ப்பவர், அவ்வீட்டின் உள்ளே ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அநீதியாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் எழுத்தில் தெருவும் ஒழுங்கையும் கிணறும் கடையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்படும்போது அது வெறும் பழமை ஏக்கமல்ல. தானாக மாறிய ஊர் வேறு. பறிக்கப்பட்ட ஊர் வேறு. பறிக்கப்பட்டதை அளந்து சொல்வது சாட்சியம். அங்கே துல்லியமே உரிப்பொருளாகிவிடுகிறது. ஆகவே அளவெடுப்பதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. யார் அளக்கிறார், வெளியே நின்றா உள்ளே இருந்தா, எதற்காக என்ற கேள்விகளே முக்கியம். அக்கேள்விகளைக் கேட்டால் ரோய் இங்லண்டின் ஐம்பது வருட உழைப்பின் பெருமையும் விளங்கும், அதன் எல்லையும் விளங்கும்.

மீண்டும் மொன்டரேக்கு வருவோம். அலனின் நாட்டில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. மிஞ்சியவை அவரே எடுத்த நிழற்படங்கள். அவற்றைக் கொண்டு லின் வெஸ்கொற் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. மலைகளைச் சாந்தில் செதுக்க முனையும் புதியவர்கள் பல பத்தாண்டுகளாக அதைத் தேடிப் படித்து வந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு என் விடை இதுதான்: எரிந்தது கலைப்படைப்பே. இருபது வருடங்களாக ஒரு மனிதர் ஒரு கோச்சிக்குப் போவதற்கு ஊரும், ஏறுவதற்குக் கடினமான மலையும் செய்து கொடுத்தார். அவர் இல்லாத பத்து நாட்களும் அந்த மலை அங்கேயே நின்றது. அதன் பாறை விளிம்புகளில் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியை மட்டும் யாரும் தூரிகையால் பூசவில்லை.